கஞ்சி விற்ற அம்மம்மாவின் வீடு

வயோதிபரைப் பராமரிப்பது பற்றிப் பேச்சு எழுந்தால், எம்மவர் உடனே அன்பைப் பற்றியும் பெற்ற கடனைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுவர். பேச்சு முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பின்பு, படுக்கையில் கிடக்கும் ஆச்சியின் துணியை யார் தோய்ப்பது என்ற கேள்வி மட்டும் அந்த இடத்திலேயே கிடக்கும். ஆகவே நான் இங்கே வீட்டைப் பற்றியும் காசைப் பற்றியும் எழுதப்போகிறேன். அதற்கு ஒரு திரைப்படம் துணையாக வந்திருக்கிறது.

தாய்லாந்தில் 2024 ஏப்ரல் 4 ஆம் திகதி திரைக்கு வந்த படம் அது. அந்நாட்டு மொழியில் ‘லான் மா’ என்று பெயர். ஆச்சியின் பேரப்பிள்ளை என்பது பொருள். வெளிநாடுகளுக்கு அனுப்பியபோது, ‘ஆச்சி சாகுமுன் இலட்சக்கணக்கில் சம்பாதிப்பது எப்படி’ என்ற கருத்தில் ஆங்கிலப் பெயர் ஒன்றை வைத்தார்கள். பெயரைக் கேட்டால் பகிடிப் படம் என்றுதான் நினைக்கத் தோன்றும். பகிடியும் இல்லாமல் இல்லை. ஆனால் ஆசிய நாடுகள் பலவற்றில் இப்படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். பட் பூன்னிதிபத் என்ற இளம் நெறியாளரின் முதல் திரைப்படம். அம்மம்மாவாக நடித்த உஷா சீம்கும் எழுபது வயதைத் தாண்டியவர்; திரைப்படத்தில் அவர் நடித்தது அதுவே முதல் தடவை. நடித்தார் என்றே சொல்ல வாய் வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் கிழவி ஒருத்தியைக் கமராவுக்கு முன் இருத்திவிட்டது போலத்தான் இருக்கிறது.

கதை பாங்கொக் நகரின் தலாட் ப்லூ என்ற பழைய பகுதியில் நடக்கிறது. வெற்றிலைச் சந்தை என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். அங்கே சின்ன வீடு ஒன்றில் தனியாக வாழ்ந்துகொண்டு, விடியற்காலையில் எழும்பி அரிசிக் கஞ்சி காய்ச்சி விற்கிறாள் அம்மம்மா. சீனாவின் தென்கரையிலிருந்து முன்னொரு காலத்தில் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த தியோச்சியூ மக்களின் வழியில் வந்தவள். அவளுக்குப் பிள்ளைகள் மூவர். மூத்த மகன் வசதியானவன். பங்குச் சந்தையில் காசு போட்டு எடுப்பவன். மனைவி மகளோடு நல்ல வீட்டில் இருக்கிறான். நடுவிலாள் மகள், பல்பொருள் அங்காடி ஒன்றில் வேலை செய்து ஒற்றை ஆளாகத் தன் மகனை வளர்த்தவள். கடைக்குட்டி சூதாடிக் கடன்பட்டவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வருவார்கள் என்று அம்மம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். கடைக்குட்டி வராவிட்டால் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி. அவன் வரவில்லையென்றால் கையில் காசு இருக்கிறது என்று அர்த்தமாம்.

மகளின் மகன்தான் கதைக்குரிய பேரன். படிப்பை இடையில் விட்டுவிட்டு, கணினியில் விளையாடி அதை உலகத்துக்குக் காட்டிச் சம்பாதிக்கலாம் என்று அறைக்குள்ளேயே கிடப்பவன். அம்மம்மாவுக்கு முற்றிய புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அவனுடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி, தன் தாத்தாவைக் கடைசிவரை பராமரித்து, அவர் வீட்டைத் தன் பெயருக்குப் பெற்றவள். பார்த்தான் பேரன். இது நல்ல தொழிலாக இருக்கிறதே என்று தோன்றுகிறது. உடுப்பைக் கட்டிக்கொண்டு அம்மம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறான்.

இந்த இடத்தில் நம்மில் பலர் முகத்தைச் சுளிப்போம். சொத்துக்கு ஆசைப்பட்டு வந்தவன் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை முடிந்தது. படத்தின் நேர்மை என்னவென்றால், அது அவனைத் திட்டவே இல்லை. அம்மம்மாவுக்கும் அவன் ஏன் வந்தான் என்று தெரியும். தெரிந்துகொண்டே கதவைத் திறந்துவிடுகிறாள். தனியாக இருக்கும் ஒருத்திக்கு, வீட்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு வருகிற பேரனும் பேரன்தான். வராமலே அன்பு வைத்திருக்கிற பேரனை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

வந்தவனுக்கு ஒரு வேலையும் தெரியாது. விடியமுன் எழும்பத் தெரியாது. தேநீர் ஊற்றுவதிலும் பிழை. ஆனால் மெல்ல மெல்லப் படிகிறான். அரசாங்க வைத்தியசாலைக்கு இருட்டோடு போய் வரிசையில் நிற்கிறான். கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் நிற்கிறான். பிறகு உடம்பு முடியாமல் போனபோது குளிப்பாட்டுகிறான். இவற்றில் எதுவும் படத்தில் பெரிதாகக் காட்டப்படவில்லை. பின்னால் வயலின் அழுவதில்லை. ஒருவன் ஒரு வேலையைப் பழகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். தோட்டத்துக்குத் தண்ணீர் மாறப் பழகிய பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? முதல் நாள் வாய்க்காலை உடைப்பான், கன்றுகளை மிதிப்பான், நாலு பேச்சுக் கேட்பான். பத்தாம் நாள் அவன் கால் தானாகவே வரம்பில் போகும். பராமரிப்பும் அப்படிப் பழகுகிற வேலைதான். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும். கடுமையான நோமருந்து கொடுத்தால் மலம் இறுகும். அதற்கும் சேர்த்து மருந்து கேட்க வேண்டும். விழுங்கக் கஷ்டப்படுபவருக்குப் படுத்தபடி கஞ்சி பருக்கினால் புரையேறும்; தலையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். அன்பு நிறைய இருப்பவருக்கும் இவையெல்லாம் ஒருவர் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும்.

நோயை அம்மம்மாவுக்குச் சொல்வதா, மறைப்பதா என்ற பிரச்சினை படத்தில் சீக்கிரமே வந்து போகிறது. பெரியவர்கள் மறைக்கச் சொல்கிறார்கள். பேரன் சொல்லிவிடுகிறான். இதே விஷயத்தை வைத்து 2019 இல் லூலூ வாங் என்ற சீன அமெரிக்கப் பெண் நெறியாளர் ஒரு முழுப் படமே எடுத்தார். ஆச்சிக்குச் சுவாசப்பையில் புற்றுநோய். குடும்பம் அதை அவளுக்கு மறைத்து, ஒரு கலியாணத்தைச் சாட்டாக வைத்து எல்லோரும் கூடி அவளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அது நெறியாளரின் சொந்த ஆச்சியின் கதை. அந்த ஆச்சி சொல்லப்பட்ட தவணையைக் கடந்து வருடக்கணக்காக உயிரோடிருந்தார் என்பதைப் படத்தின் முடிவிலேயே காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மறைப்பதே நல்லது என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கலாம். என் எண்ணம் வேறு. மறைக்கும் குடும்பத்தில், நோயாளியோடு இரவும் பகலும் இருப்பவர் மட்டுமே அந்தப் பொய்யையும் சேர்த்துச் சுமக்கிறார். மற்றவர்கள் சொல்லிவிட்டுத் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இனி மகளிடம் வருவோம். இந்தப் படத்தில் எல்லோரும் பேரனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவன் தாயை. வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு தன் தாயோடு வைத்தியசாலைக்கு வருவது அவள்தான். வாய் திறந்து ஒன்றும் கேட்பதில்லை. மகன் வீட்டைப் பற்றிக் கணக்குப் போடுகிறான், மூத்தவன் தாயைத் தன் வீட்டில் வைத்திருந்தால் என்ன வரும் என்று கணக்குப் போடுகிறான், இளையவன் கடனைக் கணக்குப் போடுகிறான். அவளிடம் மட்டும் கணக்கில்லை. ஒரு கட்டத்தில் மட்டும், ஆண்பிள்ளைகளுக்குச் சொத்துப் போகிறது, பெண்பிள்ளைக்கு நோய்தான் போகிறது என்ற கருத்தில் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து விழுகிறது. சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள்.

அம்மம்மா மகளுக்குச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. யாரில் அதிகம் பாசம் என்று தனக்குத் தெரியாது, ஆனால் யாரோடு இருக்க விருப்பம் என்றால் அது உன்னோடுதான் என்ற அர்த்தத்தில் சொல்கிறாள். கேட்கும்போது நெஞ்சு இளகுகிறது. பிறகு யோசித்துப் பார்த்தால் கோபம் வருகிறது. உன்னோடு இருக்க விருப்பம், வீடு அவனுக்கு.

ஆம், வீடு சூதாடிய கடைக்குட்டிக்கே போகிறது. அம்மம்மா எழுதிக் கொடுத்துவிடுகிறாள். அவன் அதை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, தாயை ஒரு பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய் விடுகிறான். பேரன் கொதித்துப் போகிறான். இத்தனை நாள் கூட இருந்து பார்த்த நான் உனக்கு எத்தனையாம் ஆள் என்பதுபோல் அவளிடமே கேட்டுவிட்டுப் போகிறான். அவ்விடத்தில் அவன் நல்லவனாக நடந்துகொள்ளவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்த என்னால் அவனோடு கோபிக்க முடியவில்லை.

அதற்கு முன்பே ஒரு காட்சி வந்துவிடுகிறது. படத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தன்னை அடக்கம் செய்ய நல்ல மயானத்தில் ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பது அம்மம்மாவின் ஆசை. பிள்ளைகள் வருடத்தில் ஒரு நாளாவது அங்கே கூடுவார்கள் என்பது அவள் நினைப்பு. படமே அப்படி ஒரு நாளில்தான் தொடங்குகிறது. சீனர்கள் முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவாக்கிப் படையல் வைக்கும் சிங்மிங் நாள். நிலம் வாங்கக் காசில்லை. பேரனையும் கூட்டிக்கொண்டு தன் சொந்தத் தமையனின் வீட்டுக்குப் போகிறாள். பெரிய வீடு. உபசாரம் நன்றாகத்தான் இருக்கிறது. காசு என்ற சொல் வந்தவுடன் முகம் மாறுகிறது. நீ கட்டிக்கொண்டு போனவள், உன் குடும்பப் பெயர் வேறு, இந்தக் குடும்பத்துக் காசு உனக்கு எப்படிச் சேரும் என்று விரட்டிவிடுகிறான். தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்தது அவள். சொத்து முழுவதும் போனது அவனுக்கு.

கவனித்தீர்களா? பெற்றோரைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்த மகள் அவள். அந்தக் கசப்பை நாற்பது, ஐம்பது வருடம் வாயில் வைத்துக்கொண்டிருந்தவள். அவளே தன் முறை வந்தபோது தன் மகளுக்கு அதையே செய்கிறாள். இதை வில்லத்தனம் என்று சொல்ல முடியவில்லை. யார் எனக்குச் செய்தார்கள் என்று அவள் பார்க்கவில்லை. யார் மூழ்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தாள். நீந்தத் தெரிந்த பிள்ளையைத் தாய் பார்ப்பதில்லை. கெட்டிக்காரியாக இருப்பதற்குப் பெண்பிள்ளைகள் கொடுக்கும் தண்டம் இது. தாயின் மனது எனக்கு விளங்குகிறது. அவள் செய்தது சரியென்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். படம் என்னை ஒப்புக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு கணக்கு உண்டு, சொன்னால்தான் நியாயம். எனது அம்மம்மா படுக்கையில் விழுந்த கடைசி மூன்று வருடமும் அவரைப் பார்த்தது என் சின்னம்மா. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போவோம். தோடம்பழமும் மாப்பெட்டியும் வாங்கிக்கொண்டு போவோம். அம்மம்மா எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, பிள்ளைகள் வந்திட்டினம் என்று சின்னம்மாவைக் கூப்பிட்டுத் தேநீர் போடச் சொல்லுவார். சின்னம்மா போட்டுக்கொண்டு வருவார். நாங்கள் குடித்துவிட்டு, அம்மம்மா இளைத்துப் போனார், சாப்பாடு சரியாகக் கொடுக்கிறீங்களோ என்று கேட்டுவிட்டும் வந்திருக்கிறோம். பிறகு வளவு பங்கிட்டபோது எல்லோருக்கும் சமபங்கு. சமபங்கு என்றால் நியாயம் என்று நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். சின்னம்மாவும் தலையாட்டினார். அந்த மூன்று வருடத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்து வழக்கம் தாய்லாந்துச் சீனர் வழக்கம் போன்றதல்ல என்று ஒருவர் சொல்லக்கூடும். உண்மை. தேசவழமையில் வீடுவளவு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. பெற்றோரும் அந்த மகளோடேயே இருந்து முடிகிறார்கள். ஆனால் சீதனம் பெற்றுக் கலியாணம் முடித்த மகளுக்குப் பெற்றோரின் மிச்ச ஆதனத்தில் உரித்தில்லை என்பதும் அதே தேசவழமையின் பழைய விதி. கொடுத்த சீதனம் சிறிது, பார்த்த காலம் நீண்டது என்றால் அதற்குப் பரிகாரம் அதில் இல்லை. எந்த வழக்கத்திலும் சொத்து, பிறப்பையும் கலியாணத்தையும் வைத்துத்தான் பிரிகிறது. இரவு எத்தனை தடவை எழும்பினாய் என்று எந்த நொத்தாரிசும் கேட்பதில்லை.

நொத்தாரிசு என்றவுடன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்த அம்மம்மா செய்த பெரிய பிழை வீட்டைக் கடைக்குட்டிக்குக் கொடுத்தது என்பதைவிட, தன் கைக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கொடுத்தது என்றுதான் சொல்வேன். நமது நாட்டில் நன்கொடை உறுதி எழுதும்போது தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அப்படி எழுதினால் உயிருள்ளவரை அந்த வீட்டில் இருக்கவும் அதன் பலனை அனுபவிக்கவும் எழுதிக் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. பெற்றவர் அவரை எழுப்பிவிட முடியாது. பிள்ளையை நம்பவில்லையோ என்று பிள்ளையே கேட்டாலும் அந்த ஒரு வரியை விடக்கூடாது. கொடுத்த பின் பெற்றவர் கொடுமையான நன்றிகேட்டோடு நடந்தால், மீளப்பெற முடியாத நன்கொடை என்று எழுதிய உறுதியைக்கூட நீதிமன்றத்தின் மூலம் இரத்துச் செய்ய 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின் கீழ், பிள்ளைகள் கைவிட்டால் பராமரிப்புச் செலவு கேட்டு அதற்குரிய சபையிடம் போகவும் வழியுண்டு. சொந்தப் பிள்ளைக்கு எதிராக எந்தத் தாய் போவாள் என்று கேட்பீர்கள். போகிறவர் சிலர்தான். வழி இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்திருப்பதே பாதி பயன்.

ஆனால் எழுதிக் கொடுக்க வீடே இல்லாதவர் கதை என்ன?

இந்தப் படத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்விதான் அரித்துக்கொண்டிருந்தது. காணியோடு இருந்த கமக்கார ஆச்சிக்கு வீட்டில் ஒரு சொல் இருந்தது. எந்தத் துண்டில் வெங்காயம் நடுவது, எதைத் தரிசாய் விடுவது, கன்றுக்குட்டியை விற்பதா வைப்பதா என்று அவளைக் கேட்பார்கள். 1990 ஆம் ஆண்டிலோ 1995 ஒக்டோபரிலோ பிறகு வன்னியிலோ, கையில் எடுத்ததோடு எழும்பி நடந்த நாளிலிருந்து அந்தச் சொல் போய்விட்டது. முகாமில் அவள் நிவாரண அட்டையில் ஒரு பெயர். ஒரு கொட்டிலுக்குள் ஏழு பேர் படுக்கும்போது இருமுகிற ஒருத்தி. பேரப்பிள்ளை வீட்டை நினைத்து உடுப்பைக் கட்டிக்கொண்டு வருவதற்கு அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனார்கள். கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். வாய்க்குள் வைத்துக்கொண்டு திட்டிய பிள்ளைகளும் தூக்கத்தான் செய்தார்கள். அந்த வேலையை யாரும் கணக்கெழுதி வைக்கவில்லை. அதைப் பற்றி ஒருவர் படம் எடுத்தாலும் நல்லது.

பிறகு இன்னொரு காலம் வந்தது. காணி விடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தவுடன், ஆச்சியைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லைக் கதியால் எங்கே போனது, கிணற்றில் யாருக்குப் பங்கு, மேற்கு மூலையில் நின்ற பனை எங்கள் பக்கமா அடுத்த வளவா என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். பற்றை மூடிக் கிடக்கும் நிலத்தில் அவள் கையை நீட்டிக் காட்டிய இடம்தான் எல்லை. உறுதி தொலைந்தவர்களுக்கு அவள் வாய்ச்சொல்லே உறுதி. அத்தோடு சேர்ந்து, கையொப்பம் வைக்கச் சொல்லிக் கடதாசிகளும் வந்தன. பதினைந்து வருடம் எட்டிப் பார்க்காத மகன் காரோடு வந்து, மருந்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று கூட்டிப் போய், திரும்பும்போது நொத்தாரிசு கந்தோருக்கும் போய்விட்டு வந்தான் என்ற கதையை ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் சொல்லுவார். அந்தத் தாய்லாந்துப் பேரன் உடுப்புப் பையோடு வந்தான். வந்து குளிப்பாட்டினான். இவர்கள் பேனையோடு மட்டும் வருகிறார்கள்.

ஆகவே ஒரு யோசனை. ஆச்சி கதைக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே, பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போதே, யார் பார்ப்பது, பார்ப்பவருக்கு என்ன கொடுப்பது என்பதை வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். வெட்கமான பேச்சுத்தான். கலியாணத்துக்கு முன் சீதனம் பேச வெட்கப்படாத சனம், இதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர் அனுப்பட்டும். ஆனால் காசு அனுப்பியவரும் இரவு எழும்பியவரும் ஒரே அளவு செய்ததாக எழுதிவிடக்கூடாது. கொடுக்கக் காணி இல்லாவிட்டால், பார்க்கிற மருமகளுக்கோ மகளுக்கோ மாதத்தில் நாலு நாள் விடுதலை கொடுக்கலாம். அந்த நாலு நாளும் மற்றப் பிள்ளைகள் முறைவைத்து வந்து இருந்து பார்க்கலாம். தோடம்பழத்தோடு வந்து ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவதற்குப் பதிலாக, ஒரு இரவு நின்று போனால் தெரியும், ஆச்சி ஏன் இளைத்துப் போனார் என்று.

படத்தில் பேரன் அதைத்தான் செய்கிறான். வீடு கை நழுவிப் போய்விட்டது. இனி அம்மம்மாவிடம் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. கோபித்துக்கொண்டு போனவன், பராமரிப்பு இல்லத்துக்குப் போய் அவள் இருக்கும் இருப்பைப் பார்க்கிறான். அங்கிருந்து கூட்டிக்கொண்டு தானும் தாயும் இருக்கும் வீட்டுக்கே போகிறான். வலி தாங்காத இரவுகளில் அம்மம்மா தன் தாயையும் தகப்பனையும் கூப்பிட்டு, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சின்னப் பிள்ளையைப்போல் அழுகிறாள். அவன் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறான். வேறு ஒன்றும் செய்ய இல்லை, அவனும் செய்யவில்லை. நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

அவள் இறந்த பிறகு ஒரு வங்கிக் கணக்கு வெளிவருகிறது. பேரன் சின்னவனாக இருந்தபோதிலிருந்து, அவன் பெயரில், கஞ்சி விற்ற காசில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வந்திருக்கிறாள். பெரியவனானதும் உனக்குப் புது வீடு வாங்கித் தருவேன் என்று சின்ன வயதில் அவன் விளையாட்டுக்குச் சொன்ன சொல் அவனுக்கு மறந்துபோனது. அவளுக்கு மறக்கவில்லை. இந்த முடிவு எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசியில் பார்த்தவனுக்குப் பரிசு கிடைத்துவிட்டது என்று சனம் ஆறுதலோடு எழும்பிப் போய்விடும். மகளுக்கு அப்படி ஒரு புத்தகம் பெட்டிக்குள்ளிருந்து வரவில்லையே என்று யாரும் கேட்கமாட்டார்கள். நெறியாளர் அந்த இடத்தில் கொஞ்சம் இளகிவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஆனால் பேரன் அந்தக் காசை என்ன செய்தான் என்பதில் படம் திரும்பவும் நிமிர்ந்து நிற்கிறது. அம்மம்மா கேட்ட மயானத்துண்டை வாங்குகிறான். தமையனிடம் கேட்டுக் கிடைக்காத நிலம், அவள் கஞ்சிப் பானையிலிருந்தே வந்து சேர்கிறது. சொந்த மண்ணில் எரிக்கவோ புதைக்கவோ முடியாமல், போன போன இடங்களில் பெரியவர்களை விட்டுவிட்டு வந்த குடும்பங்களுக்கு, ஒரு கிழவி ஏன் ஆறடி நிலத்துக்காக இவ்வளவு அலைந்தாள் என்று விளங்காமல் போகாது.

பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பேரன் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறான். வண்டி போகப் போகப் பெட்டியில் விரலால் தட்டித் தட்டி, இப்போது எந்த இடத்தைக் கடக்கிறோம் என்று அம்மம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வருகிறான். வழி தவறாமல் அவள் கூடவே வர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கடைசியில் வண்டி நிற்கிறது. இன்னொரு தடவை தட்டி, புது வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று சொல்கிறான்.